திருஷ்டிக் கிட்டங்கி

ஜூன் 18, புதன்

இன்று முதல் நான் கமர்ஷியல் ரியல் எஸ்டேட் கன்சல்டன்ட். வேலை: சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சி பின்னால் நடப்பது.

மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் ஆபீஸ் ஒரு மக்ரூன் கடையின் மாடியில் இருக்கிறது. படியேறும்போதே முந்திரியும் சீனியும் வேகிற வாசம். வீடு, மனை எல்லாம் அவர் தொடுவதில்லை. சரக்கு அடைக்கிற கிட்டங்கி, கடை, ஆபீஸ் இடம், இவற்றை வாடகைக்குப் பிடித்துக் கொடுப்பது மட்டும்தான். துறைமுகம் இருக்கிற ஊரில் மனுசனைவிடச் சரக்குக்குத்தான் வீடு கிடைக்காமல் கிடக்கிறது என்பது அவர் கட்சி.

பி.காம். முடிப்பதற்குள் தொழிலில் கால் வைத்துவிட வேண்டும் என்று போன மாதமே நீலக் கலரில் ஒரு கோட் தைத்து வைத்திருந்தேன். வெளிநாட்டு வீடியோக்களில் புரோக்கர் பெண்கள் எல்லோரும் போட்டிருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டுதான் போனேன். அண்ணாச்சி மேலும் கீழும் பார்த்தார்.

"ஏளா ஜெமி, காய்ச்சலா உனக்கு? இந்த வெயில்ல சட்டைக்கு மேல சட்டை போட்டிருக்க?"

இல்லை என்றேன்.

"அப்போ கழட்டு. பார்ட்டி பயந்துருவான்."

கழற்றவில்லை. ஆபீஸ் பூட்டும் வரை கழற்றவில்லை. உள்ளே ஆறே ஓடியது. ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே.

ஜூன் 19, வியாழன்

அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சாவிக்கொத்தை மேசையில் வைத்தது என் முட்டாள்தனம்.

"காலம்பூரா நான் கருவாட்டுக்கூடை தூக்குதேன். நீ சாவிக்கூடை தூக்கப் போறியாக்கும்? ஏசியில உக்காந்து செய்யுத பேங்க் வேலைய விட்டுட்டு?"

பேங்க் வேலை என்னமோ வாசலில் வந்து நிற்கிற மாதிரி! மாதா கோயில் திருவிழா முடிந்ததும் பேங்க் பரீட்சைக்கு வகுப்பு ஆரம்பிக்கிறார்களாம். தினமும் சாயங்காலம், சனிக்கிழமை முழுக்க. அண்ணாச்சி ஆபீசுக்கு நான் போகிற நேரமும் அதுதான். இரண்டில் ஒன்று.

கப்பல் வேலையில் இருக்கிற அப்பாவுக்கு இரண்டு பேரும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் புகார் அனுப்பினோம். கப்பலில் இருந்து இரண்டு பேருக்கும் ஒவ்வொரு கட்டைவிரல் வந்தது. நல்ல மனுசன்.

கடைசியில் ஒப்பந்தம். திருவிழாவுக்குள் நான் பேசி ஒரு இடத்தையாவது வாடகைக்கு விட்டுவிட்டால் புரோக்கர். இல்லையென்றால் பேங்க். அம்மா மாதா படத்தைத் தொட்டுச் சொன்னாள். என் அம்மா ஜெயஷீலா, மாதா படத்தைத் தொட்டுவிட்டால் அப்புறம் அப்பீல் கிடையாது.

ஜூன் 21, சனி

அண்ணாச்சியின் தொழில் ரகசியத்தை இன்று தெரிந்துகொண்டேன். எந்தப் பார்ட்டி வந்தாலும் மூன்று இடம் காட்டுவார். முதலில் திருஷ்டி. அடுத்தது சுமார். கடைசியில் நல்லது.

திருஷ்டி என்பது எட்டயபுரம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கி. புதுக் கட்டடத்தில் பூசணிக்காயில் மீசை வரைந்து தொங்கவிடுகிறோமே, அண்ணாச்சிக்கு அந்த மாதிரி இது. சுண்ணாம்பு உரிந்து, கதவு ஒரு பக்கம் சாய்ந்து, வாசலில் டயர் இல்லாத வேன் ஒன்று குந்தியிருக்கிறது. அதைப் பார்த்ததுமே பார்ட்டியின் முகம் தொங்கிவிடும். அப்புறம் எதைக் காட்டினாலும் அரண்மனைதான்.

"வேன் யாரோடது அண்ணாச்சி?"

"நம்மதுதான். ஓடாத வண்டி. அங்கன நின்னா இன்னும் கொஞ்சம் கேவலமா இருக்கும்லா? அதான் இழுத்துட்டு வந்து போட்டேன்."

கிட்டங்கியின் சொந்தக்காரர் ஆறுமுகநயினார், ஸ்ரீவைகுண்டம் பக்கம் வயல் வைத்திருக்கிறவர். நான் இருக்கும்போதே போன் வந்தது. இத்தனை பேர் வந்து பார்க்கிறார்கள், ஒருத்தரும் எடுக்க மாட்டேன் என்கிறார்களே, ராசி இல்லையோ என்று புலம்பினார். "நேரம் வரும் நயினாரே, பொறுங்க" என்று அண்ணாச்சி ஆறுதல் சொன்னார். எனக்குத்தான் அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது.

ஜூன் 28, சனி

என் முதல் பார்ட்டி. என் முதல் அவமானமும்.

கரூர்க்காரர். பெயர் நல்லசிவம். துண்டு, பெட்ஷீட் எல்லாம் நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். கப்பல் ஏறும் வரை சரக்கை வைக்க ஒரு கிட்டங்கி வேண்டும். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுகிறார். என்னை "அம்மணி" என்றார். என் கோட்டுக்கு மரியாதை கொடுத்த முதல் மனிதர்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க வேணும். வாசமே வரக்கூடாது. போன வருசம் இந்த ஊர்ல வேறொரு எடத்துல வெச்சு அனுப்புன சரக்க ஜெர்மனிக்காரன் அப்படியே திருப்பி உட்டுட்டானுங்க. குளிச்சுப்போட்டுத் தொவட்டுனா நெத்திலி வாசம் அடிக்குதாமா."

முதலில் திருஷ்டி. நல்லசிவம் காரை விட்டே இறங்கவில்லை. அடுத்தது சுமார். இறங்கினார், ஏறினார். கடைசியாக, கடற்கரைப் பக்கம் ஜோன்ஸ் மச்சாது அண்ணனின் கிட்டங்கி. புதுப் பெயின்ட், டைல்ஸ், கேமரா. முன்பு ஒரு கருவாட்டு வியாபாரி வைத்திருந்தார். காலி செய்த பிறகு பினாயிலாக ஊற்றிக் கழுவியாகிவிட்டது. நேற்றே நான் நடுவில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்து, துளி வாடை இல்லை என்று ரிப்போர்ட் கொடுத்திருந்தேன். அண்ணாச்சியும் மோந்து பார்த்து ஆமாம் என்றார். ஜோன்ஸ் அண்ணனும் ஆமாம் என்றார்.

கதவைத் திறந்தேன். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த வரியைச் சொன்னேன்: "சார், இங்கே நீங்கள் சுவாசிப்பது சுத்தமான கடல் காற்று."

சார் சுவாசித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை வரவில்லை. மூக்கைப் பொத்தினார். கண்ணில் தண்ணீர் வந்தது. திரும்பி ஓடினார். ஓடுகிற ஓட்டத்தில் ஒரு செருப்பு கழன்றது, அதை எடுக்கக்கூடத் திரும்பவில்லை. காருக்குள் உட்கார்ந்து, சாம்பிள் துண்டு ஒன்றை முகத்தில் சுற்றிக்கொண்டு, கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கிக் கேட்டார்.

"ஏனுங், உள்ள யாராச்சும் செத்துக் கெடக்கறாங்களா?"

நான் செருப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் போட்டுக்கொண்டார்.

ஜூன் 29, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் என் மூக்கை நானே சோதித்தேன். மல்லிகைப்பூ — தெரிகிறது. பெருங்காயம் — தெரிகிறது. பக்கத்து வீட்டு சாம்பிராணி — தெரிகிறது. அம்மாவின் கூடைக்குள் தலையையே விட்டேன். ஒன்றும் இல்லை. வெறும் காற்று.

"அம்மா, கருவாட்டுக்கு வாடை உண்டா?"

"வாடையா? எந்தச் சிறுக்கி சொன்னா? அது வாசம்லா."

நல்லசிவம் சொன்னதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல மனசு வரவில்லை. ஏற்கெனவே கடுப்பில் இருக்கிறாள். மார்க்கெட்டில் அவளும் கூட இருக்கிற பெண்களும் சரக்கு போட்டு வைக்கிற அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம்.

ஆக, பிரச்சினை இதுதான். இந்தக் கடற்கரையில் பிறந்த யாருக்கும் அந்த வாடை தெரியாது. எனக்குத் தெரியாது, அண்ணாச்சிக்குத் தெரியாது, ஜோன்ஸ் அண்ணனுக்குத் தெரியாது. ஊரே சேர்ந்து ஒரு மனுசனைக் கொல்லப் பார்த்திருக்கிறோம்.

எனக்கு ஒரு வெளியூர் மூக்கு வேண்டும்.

ஜூலை 1, செவ்வாய்

பேச்சிச்செல்வி! இரண்டு வருடமாகக் காலேஜில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது அந்த மூக்கு. ஆற்றங்கரைக் கிராமத்துப் பெண், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள், சுத்த சைவம். முட்டை வேகிற நாளில் மெஸ் பக்கமே போகமாட்டாள். அவளிடம் முழுக்கதையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"ரெண்டு வருசமா நான் ஏன் ஜன்னல் பக்கமே உக்காருதேன்னு நெனைக்க? காத்துக்காகன்னா?"

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டேன்.

நான் நாறுறேனா? இத்தனை நாளும் நாறிக்கிட்டேதான் இருந்தேனா? பஸ்ல, லைப்ரரில, ஆண்டு விழாவுல மேடை ஏறி நின்னப்ப... எல்லாரும் மூச்சப் பிடிச்சிக்கிட்டா கை தட்டுனாங்க?

ஜூலை 2, புதன்

பேச்சியோடு பேசவில்லை. சோப்பு மாற்றினேன்.

ஜூலை 4, வெள்ளி

பேச்சியே வந்தாள். "ஏளா, நீ நாறலைளா. உன் டிபன் பாக்ஸ்தான். மூடியத் தொறந்தா எங்க ஊர் வரைக்கும் வரும்" என்றாள். பிறகு, பிடிக்காவிட்டால் முதல் வாரமே வேறு பெஞ்சுக்குப் போயிருக்க மாட்டேனா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஜன்னல் பக்கம் போனாளே தவிர, பெஞ்சை விட்டுப் போகவில்லை.

அழுகை வந்தது. சமாளித்துக்கொண்டு வேலைக்கு எடுத்தேன். பதவி: மூக்கு. சம்பளம்: அண்ணாச்சி ஆபீஸ் கீழே விற்கிற மக்ரூன், வேண்டிய மட்டும்.

"அதுல முந்திரியும் சீனியும் மட்டும்தானே?" என்று ஒரு கேள்வி கேட்டாள். கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

ஜூலை 12, சனி

மூக்கு வேலையைத் தொடங்கியது. திருஷ்டி தவிர, அண்ணாச்சியிடம் இருக்கிற காலிக் கிட்டங்கி எல்லாவற்றுக்கும் அழைத்துப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு போவாள். நடுவில் நிற்பாள். தீர்ப்பு சொல்வாள்.

துறைமுக ரோட்டில் ஒன்று: "மிளகாய் வத்தல்." தும்மல் நிற்கவே இல்லை.

ரயில்வே கேட் பக்கம் ஒன்று: "உரம். அதுக்குக் கீழ எலி. உயிரோட இருக்கு."

பைபாஸ் பக்கம் ஒன்று. பளிங்கு மாதிரி சுத்தம். பேச்சி கொஞ்ச நேரம் நின்றாள். "இங்கன யாரோ ஆம்லெட் போட்டுத் தின்னுருக்காங்க" என்றாள். வாட்ச்மேன் அதிர்ந்துபோனார். அது போன வாரமாம். முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினார்.

எனக்கு மெய் சிலிர்த்தது. இப்படி ஒரு மூக்கா! கடலோரம், ரோட்டோரம் எதுவும் தேறவில்லை. ஆனாலும் மூக்கு தங்கம்.

திரும்பி வந்து படியில் உட்கார்ந்து பேச்சி மக்ரூன் தின்றாள். ஒன்றை வாயில் போட்டு, கண்ணை மூடி, கரைய விட்டு. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மக்ரூனில் முட்டை வெள்ளைக்கரு இருக்கிறது. இந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். போன வாரத்து ஆம்லெட்டைக் கண்டுபிடித்தவளுக்கு வாயில் இருக்கிற முட்டை தெரியவில்லையா?

சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் சம்பளத்துக்கு என்ன கொடுப்பது?

ஜூலை 13, ஞாயிறு

சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். சைவப் பெண்ணுக்கு முட்டை கொடுத்தது என்ன பாவம்? சின்னதா, பெரியதா? என் முறை வந்ததும், அம்மாவை எதிர்த்துப் பேசினேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதுவும் உண்மைதான்.

ஜூலை 19, சனி

அண்ணாச்சி வேறொரு பார்ட்டியைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லி எங்களை முதலிலேயே போய்த் திருஷ்டியைத் திறந்து வைக்கச் சொன்னார். வெயில் மண்டையைப் பிளந்தது. அண்ணாச்சி வருகிற வழியாக இல்லை. வேனைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் நிழலில் உட்கார்ந்தோம். பேச்சி மக்ரூன் பாக்கெட்டைப் பிரித்தாள், தின்றாள், சுவரில் சாய்ந்தாள், தூங்கிவிட்டாள்.

தூங்கிவிட்டாள்! மிளகாய்க்குத் தும்முகிற, எலிக்கு முகம் சுளிக்கிற மூக்கு, குழந்தை மாதிரித் தூங்கியது. உலுக்கி எழுப்பினேன்.

"இங்கன என்ன வாடை வருது?"

மோந்தாள். எழுந்து மூலைக்கு மூலை போய் மோந்தாள். "ஒண்ணுமே இல்லளா. எங்க வீட்டுப் பூசை ரூம்ல கூட எண்ணெய் பிசுக்கு வாடை வரும். இங்கன சுத்தமா ஒண்ணுமே இல்ல."

முதல் தடவையாக நான் திருஷ்டியை நிமிர்ந்து பார்த்தேன். தடித்த சுவர். உயரமான கூரை. மேலே வரிசையாகக் காற்றோட்டத் துவாரங்கள். தரை காய்ந்து கிடந்தது. பஞ்சுக்காகக் கட்டியது. துண்டும் பஞ்சுதானே! இதைத்தான் இத்தனை நாள் கேவலமாக நிற்க வைத்திருக்கிறோம்.

ஜூலை 21, திங்கள்

அண்ணாச்சியிடம் சொன்னேன். குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"ஏளா, உனக்குக் கிறுக்கா? திருஷ்டிய யாராவது வாடகைக்கு விடுவானா?"

"அது கிட்டங்கிதானே அண்ணாச்சி? வாடகைக்கு விடத்தானே நம்மகிட்ட குடுத்திருக்காரு?"

"அத விட்டுட்டா நான் மொதல்ல எதக் காட்டுவேன்? சொல்லு. மொதல்ல எதக் காட்டுவேன்?"

உண்மையிலேயே குரல் உடைந்துவிட்டது. அந்த ஒரு கிட்டங்கியை வைத்து ஊரில் பாதிக் கிட்டங்கியை விட்டுக் கொடுத்திருக்கிறாராம். ராசியான கேவலமாம். பிறகு, கரூர்க்காரர் திருஷ்டியைப் பார்த்துக் காரை விட்டே இறங்கவில்லை, இனிக் கூப்பிட்டாலும் வரமாட்டார் என்றார். வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வந்தால் பார்க்கலாம் என்றார். அண்ணாச்சி 'பார்க்கலாம்' என்றால் இல்லை என்று அர்த்தம். எனக்கு அது தெரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

ஜூலை 26, சனி

மாதா கோயிலில் கொடியேறிவிட்டது. ஊரெல்லாம் ஜனம், கடை, ராட்டினம். அம்மா கொடியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். பேங்க் வகுப்புக்கு நோட்டு வாங்கி வைத்துவிட்டாளாம்.

கூட்டத்துக்கு வெளியே வந்து நல்லசிவத்துக்குப் போன் செய்தேன். அண்ணாச்சி பக்கத்தில் இல்லாமல் ஒரு பார்ட்டியிடம் பேசுவது இதுதான் முதல் தடவை. வீடியோவில் கற்ற இங்கிலீஷ் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"சார், நான் ஜெமி. உங்க செருப்பை எடுத்துக் கொடுத்தேனே."

"ஆமாங் அம்மணி, சொல்லுங்க."

"எங்க யாருக்கும் அந்த வாடை தெரியாது சார். பொறந்ததுலேர்ந்தே தெரியாது. உங்களை ஏமாத்த நெனைக்கல. இப்போ வாடை தெரிஞ்ச ஒரு ஆளை வெச்சு ஊரெல்லாம் மோந்து பாத்துட்டோம். ஒரே ஒரு இடம்தான் தேறிச்சு. பாக்க நல்லாவே இருக்காது. ஆனா வாடை இல்ல."

அவர் சிரித்துவிட்டார்.

"பாக்க நல்லாருக்காதுன்னு சொல்லி எடம் காட்டுற புரோக்கர நான் இப்பத்தானுங்க பாக்கறேன். வர்ற சனிக்கிழமை வந்தர்றேன்."

ஆகஸ்ட் 2, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கோட் போடவில்லை. சுடிதார். திருஷ்டி வாசலில் நாங்கள் ஐந்து பேர்: நான், பேச்சி, அண்ணாச்சி, நல்லசிவம், அப்புறம் சொந்தக்காரர் ஆறுமுகநயினார். வெள்ளை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக அவர் வந்து இறங்கியதும் பேச்சியின் முகம் வெளிறிவிட்டது. அவள் ஊராம், அவளைப் போலவே சுத்த சைவமாம். அவள் அப்பாவும் இவரும் ஒரே கோயில் கமிட்டியாம்.

"நம்ம பிள்ளையா? நீ இங்கன என்ன தாயீ செய்யுத?"

"மோந்து பாக்கேன் மாமா" என்றாள் பேச்சி.

நல்லசிவம் இந்தத் தடவை இறங்கினார். வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து உள்ளே நின்றார். மூச்சை இழுத்தார். 'ஹ்ர்ர்' என்று ஒரு சத்தம்தான் வந்தது. ஜலதோஷம்! கரூரிலிருந்து ஏசியைப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார், மூக்கு அடைத்துப்போய்விட்டது. மாதாவே, இத்தனை மூக்கில் இந்த ஒரு மூக்குதானா உனக்குக் கிடைத்தது?

"எனக்கு ஒண்ணும் தெரியலைங் அம்மணி. உங்க ஆளு சொல்றத நம்பித்தான் நான் கையெழுத்துப் போடோணும்."

நான் முன்னால் போய் நின்று பேச்சியைப் பற்றிப் பிரசங்கமே வைத்தேன். சுத்த சைவம் சார். முட்டை வாசம் நாலு வீடு தள்ளித் தெரியும் சார். போன வாரத்து ஆம்லெட் சார். நல்லசிவம் தலையாட்டிக்கொண்டே வந்தார். முடியப்போகிறது, முடியப்போகிறது என்று நான் நினைக்கும்போது அண்ணாச்சி உபசாரம் செய்யக் கிளம்பினார். மக்ரூன் பெட்டியைத் திறந்தார். ஆறுமுகநயினார் ஒன்றை எடுத்து வாயில் போட்டார், இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டார். பேச்சி பழக்கதோஷத்தில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டாள்.

நல்லசிவம் கையை நீட்டிவிட்டு நிறுத்தினார். "இன்னிக்குச் சனிக்கிழமைங்க. நான் கவுச்சி தொடமாட்டேன். இதுல முட்டை கிட்டை இல்லீங்களே?"

"சேச்சே, வெள்ளைக்கரு மட்டும்தான் சார்" என்றார் அண்ணாச்சி.

எல்லோரும் பேச்சியைப் பார்த்தார்கள். அவள் கன்னம் உப்பியிருந்தது.

நல்லசிவம் கையை இழுத்துக்கொண்டார். குரல் மாறிவிட்டது. "ஏனுங் அம்மணி. நாலு வீடு தள்ளி இருக்கற முட்டை தெரியுமுன்னீங்க. வாயில இருக்கறது தெரியலையே. இந்த மூக்க நம்பி நான் எப்படிங்க சரக்க எறக்கறது?"

போச்சு. எல்லாம் போச்சு. பேங்க், நோட்டு, வட்டிக் கணக்கு எல்லாம் என் கண் முன்னால் வந்தது. நான் முன்னமே சொல்லித் தொலைச்சிருந்தா இது நடந்திருக்குமா?

பேச்சி மக்ரூனை விழுங்கினாள். ஆறுமுகநயினாரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நின்றாள்.

"தெரியும் சார்."

"என்னங்க தெரியும்?"

"இதுல முட்டை இருக்குன்னு. காலேஜ் சேந்த புதுசுல மொத மக்ரூன் கைல வாங்குனப்பவே தெரிஞ்சுபோச்சு. பெட்டியத் தொறந்தாலே தெரியும். கேட்டா ஆமான்னு சொல்லிருவாங்க. சொல்லிட்டா திங்க முடியாதுல்ல? அதான் யாருகிட்டயும் சரியாக் கேட்டதில்ல." கண் கலங்கிவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. "என் நாக்குதான் சார் கள்ளம். மூக்கு பொய் சொல்லாது. இந்தக் கிட்டங்கில ஒண்ணும் இல்ல."

எனக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. ஊர்க் கோயில் கமிட்டி முன்னால், எனக்காக, முட்டையை ஒத்துக்கொண்டாள். அவள் அப்பா காதுக்குப் போனால் ஹாஸ்டல் என்ன, காலேஜே இருக்காது.

எல்லோரும் ஆறுமுகநயினாரைப் பார்த்தோம். அவர் கையிலிருந்த மக்ரூனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதையும் வாயில் போட்டு, நிதானமாக மென்று, விரலை வேட்டியில் துடைத்தார்.

"இங்கன காத்து பலமா அடிக்கு. இந்தப் பிள்ள என்னமோ சொல்லுச்சு, எனக்குச் சரியாக் காதுல விழல" என்றார்.

நல்லசிவம் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் தும்மலாகி, தும்மலில் மூக்கடைப்பே திறந்துகொண்டது. மூச்சை நன்றாக இழுத்தார்.

"பொண்ணு சொன்னது நெசந்தானுங்க. கதவையும் சுண்ணாம்பையும் சரி பண்ணிக் குடுங்க. அந்த வேன மொதல்ல எடுத்துப்போடுங்க."

அண்ணாச்சி வேன் பக்கம் போய் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

திருவிழா. மாதா சப்பரத்துக்கு முன்னால் நின்று அம்மாவிடம் ஒப்பந்தத்தைக் காட்டினேன். கையெழுத்துப் போட்டது போன சனிக்கிழமை என்று தேதியையும் காட்டினேன். மாதா படத்தைத் தொட்டுச் சொன்ன ஆள், மாற்றிப் பேச வழியில்லை.

"சரி, போய்த் தொலை" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கோட்ட மட்டும் போடாத. பேண்டு வாசிக்கப் போறவ மாதிரி இருக்க" என்றாள்.

ஆகஸ்ட் 30, சனி

கரூரிலிருந்து பார்சல் வந்தது. எனக்கு ஒரு துண்டு, பேச்சிக்கு ஒரு துண்டு, அண்ணாச்சிக்கு ஒன்று. அண்ணாச்சிதான் இன்னும் தேறவில்லை. வேனை ஆபீஸ் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். வருகிற பார்ட்டிகளெல்லாம் அதைப் பார்த்துவிட்டு ஆபீசுக்குள்ளே வர யோசிக்கிறார்கள். பேச்சி இப்போது கடைக்காரரிடம் நேராகவே கேட்கிறாள், இன்றைக்கு மக்ரூனில் வெள்ளைக்கரு கூடவா குறைவா என்று.

மத்தியானம் ஒரு புதுப் பார்ட்டி வந்தது. மார்க்கெட்டில் கருவாடு விற்கிற பெண்கள் சேர்ந்து சரக்கு வைக்க இடம் தேடுகிறார்கள். பேசுவதற்குத் தலைவியை அனுப்பியிருந்தார்கள். அம்மா!

படியேறி வந்து, என் எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, "கிட்டங்கி வேணும்" என்றாள், என்னை முன்னே பின்னே பார்த்திராத மாதிரி. நானும் "என்ன சரக்கு வைப்பீங்க?" என்று கேட்டேன். ஒரு முறை முறைத்தாள்.

சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு நேராக ஜோன்ஸ் அண்ணனின் கிட்டங்கிக்கே அழைத்துப் போனேன். கதவைத் திறந்தேன். அம்மா செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனாள். புதுப் பெயின்ட்டைத் தொட்டுப் பார்த்தாள், டைல்ஸை மிதித்துப் பார்த்தாள், கேமராவைப் பார்த்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். நடுவில் நின்று மூச்சை நன்றாக இழுத்தாள்.

நானும் இழுத்தேன். பேச்சியோடு ஊரெல்லாம் மோந்து அலைந்த பழக்கம், சும்மா இழுத்தேன். முதலில் பினாயில் வந்தது. அதற்குப் பின்னால் பெயின்ட். அதற்குப் பின்னால் —

தெரிந்தது. எனக்குத் தெரிந்தது! நெத்திலி, வாளை, சாளை எல்லாம் சேர்ந்து ஒரே அலையாக வந்து முகத்தில் அடித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் வீடு, என் டிபன் பாக்ஸ், என் யூனிஃபார்ம், அம்மாவின் மடி, எல்லாமே இதுதானா? இத்தனை வருடமும் இதற்குள்ளேதான் இருந்தேனா? மூக்கைப் பொத்தப் பையில் கரூர்த் துண்டு இருந்தது. எடுக்கவில்லை.

அம்மா திரும்பினாள். முகம் மலர்ந்திருந்தது.

"நல்ல எடம்ளா. ஒரு பொட்டு வாடை இல்ல பாத்தியா?"

"ஆமாம்மா," என்றேன். "சுத்தமான கடல் காத்து."

அதைக் கேட்டதும் தலையை ஆட்டிவிட்டு, உடனே வாடகையைக் குறைக்கச் சொல்லி ஆரம்பித்துவிட்டாள்.